என் கல்யாணத்தன்று மழை பெய்யவில்லையாம்

எங்கள் கல்யாணம் ஐப்பசியில் நடந்தது. முகூர்த்தத்துக்கு முந்தின இரவு பிடித்த மழை தாலி கட்டும்போதும் விடவில்லை. பந்தலின் ஒரு மூலை தண்ணீர் கோத்துக்கொண்டு பசுமாட்டு மடி மாதிரி தொங்கியது. சமையல்காரர் கரண்டிக் காம்பால் அதைக் குத்திவிட, கீழே இருந்த சாம்பார் அண்டாவுக்குள் பாதி மழை போய்ச் சேர்ந்தது. என் சித்தி இன்றுவரை அந்தச் சாம்பாரைப் பற்றிப் பேசுவார். ஆல்பத்தில் முக்கால்வாசிப் படங்களில் யாராவது ஒருவர் குடை பிடித்துக்கொண்டிருப்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாமாவின் மழைக் கணக்கை எக்செல்லில் ஏற்றி முடித்ததும், முதல் வேலையாக அந்தத் தேதியைத்தான் தேடினேன். 0.0 என்று இருந்தது. முந்தின நாள் 0.0. மறுநாளும் 0.0. மொத்தம் பதினோரு நாள் வரிசையாகப் பூஜ்ஜியம். ஐப்பசி நட்ட நடுவில், கடலூர் மாவட்டத்தில், பதினோரு நாள் சொட்டு மழை இல்லையாம். அந்தச் சாம்பாரைச் சாப்பிட்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்!

மாமா என்றால் என் மாமனார். வயது எழுபத்தெட்டு. கேப்பர் மலைப் பக்கம் எங்கள் வீடு; செம்மண் பூமி. முந்திரி, பலா, மல்லாட்டை, கொஞ்சம் வாழை. (மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.) நான் திருப்பாதிரிப்புலியூரில் ஓர் உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். இருபது வருஷமாக டேலி என்ற கணக்கு மென்பொருள்தான் சோறு போடுகிறது. வானிலை நான் படித்த பாடம் இல்லை. ஆனால் ஒரு பேரேட்டைப் பார்த்தால் எங்கே யார் கை வைத்திருக்கிறார்கள் என்று மூக்கில் தெரிந்துவிடும். மாமாவின் நோட்டுகளை நான் பார்த்தது அந்த மூக்கோடுதான்.

மொத்தம் எட்டு நோட்டு. 1991-இல் ஆரம்பிக்கிறது. முதல் ஐந்து வருஷம் மழைமானி கிடையாது. "1 உ", "அரை உ", "2 உ" என்று இருக்கும். ஒரு உழவு மழை, இரண்டு உழவு மழை என்று அர்த்தம். மழை விட்ட மறுநாள் கொல்லையில் மண்ணைக் கிளறி, ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்த்து எழுதியது. 1996-இல் ஒரு கரும்பு அதிகாரி மாற்றலாகிப் போகும்போது தன்னிடம் இருந்த மழைமானியை இவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கண்ணாடி இழையில் செய்தது. மேலே புனல், உள்ளே நாலு லிட்டர் பாட்டில். புனலின் வாய்ப்பரப்பு 200 சதுர செ.மீ. அப்படியானால் 1 மி.மீ. மழை பெய்தால் பாட்டிலில் 20 மி.லி. தண்ணீர் சேரும். தினமும் காலை எட்டரைக்கு பாட்டிலை எடுத்து அளவுக் குவளையில் ஊற்றி, வந்த எண்ணை இருபதால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான் விஞ்ஞானம்.

வகுக்க மறந்த நாட்களும் உண்டு. ஒரு சித்திரை மாதத்தில் 260 என்று இருந்தது. வானிலை ஆய்வுத் துறைக் கணக்கில் ஒரே நாளில் 204.4 மி.மீ.க்கு மேல் போனால் அதிகனமழை. கத்திரி வெயில் தொடங்கும் நேரத்தில், புயல் ஒன்றும் இல்லாமல், எங்கள் கொல்லையில் மட்டும் அதிகனமழையா? 260 மி.லி., அதாவது 13 மி.மீ. கோடை மழைக்கு அது சரி. இந்த மாதிரித் தப்பு நல்ல தப்பு. முட்டிக்கொண்டு வெளியே நிற்கும், கண்ணில் படும். பூஜ்ஜியம் அப்படி இல்லை. அது சாது மாதிரி வரிசையில் உட்கார்ந்திருக்கும்.

தேதி ஒரு தனித் தலைவலி. பாதி நோட்டுகளில் தமிழ் மாதம். "கார்த்திகை 9, 31 மி.மீ." என்று இருந்தால் அதை இங்கிலீஷ் தேதியாக்க அந்த வருஷத்துப் பஞ்சாங்கம் வேண்டும். ஐப்பசி முதல் தேதி சில வருஷம் அக்டோபர் 17, சில வருஷம் 18. மாதத்துக்கு 29 நாளிலிருந்து 32 நாள் வரை எதுவும் வரலாம். பழைய பஞ்சாங்கங்களை மாமா பரணில் வைத்திருந்தார். எலி தின்றதுபோக மிச்சம் உதவியது. அவற்றில் ஒவ்வொரு வருஷமும் இத்தனை மரக்கால் மழை என்று போட்டிருப்பதையும் வேடிக்கையாக ஒரு பத்தியில் ஏற்றி வைத்திருக்கிறேன். நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா என்று யாரும் கேட்க வேண்டாம். ஊரில் நாலு பேர் முகத்தில் முழிக்க வேண்டும்.

நோட்டுகளை எக்செல்லில் அடிக்க ஒரு பெண்ணை அமர்த்தியிருந்தேன். வேகமான கை. குற்றம் அவளுடையது இல்லை, சொல்லிக் கொடுக்காத என்னுடையது. மாமாவின் நோட்டில் மூன்று விதமான குறி இருக்கிறது. எண் இருந்தால் மழை. ஒரு சின்னக் கோடு இருந்தால், போய்ப் பார்த்தேன், பாட்டில் காய்ந்து கிடந்தது. ஒன்றுமே இல்லாமல் வெறும் இடமாக இருந்தால், போய்ப் பார்க்கவில்லை. அந்தப் பெண் கோட்டுக்கும் 0 போட்டாள், வெற்றிடத்துக்கும் 0 போட்டாள். மகன் கல்யாண அலைச்சலில் மாமா பதினோரு நாள் மழைமானிப் பக்கம் போகவில்லை. அதுதான் அந்தப் பதினோரு பூஜ்ஜியம்.

கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது புரியும். கல்லாவில் இன்று வரவு இல்லை என்பது ஒன்று. கல்லாவைத் திறந்தே பார்க்கவில்லை என்பது வேறொன்று. முதலாவதற்கு வரவு 0 என்று எழுதலாம். இரண்டாவதை சஸ்பென்ஸில், அதாவது விவரம் தெரியும்வரை நிறுத்தி வைக்கும் கணக்கில், போட்டுவிட்டு ஆளைத் தேட வேண்டும். எந்த ஆடிட்டரும் இரண்டையும் ஒன்றாக எழுத விடமாட்டார். ஆனால் மழைக் கணக்கில் இதைச் செய்கிறவர்கள் ஏராளம். எக்செல்லும் அதற்குத் துணை போகிறது. வெற்றுக் கட்டத்தை சராசரிச் சூத்திரம் தள்ளிவிட்டுப் போகும், அது நியாயம். கூட்டல் சூத்திரமோ வாயைத் திறக்காமல் கூட்டிக் கொடுத்துவிடும். மாதத்தில் பத்து நாள் அளக்கவே இல்லை என்றாலும் "மாத மொத்தம்" என்று ஓர் எண் வரும். பார்க்கிறவர் அதை முழு மாதம் என்றுதான் நினைப்பார். அதனால் இப்போது என் தாளில் ஒவ்வொரு மாத மொத்தத்துக்குப் பக்கத்திலும் "அளந்த நாள்" என்று ஒரு பத்தி வைத்திருக்கிறேன். நவம்பர், 284 மி.மீ., 26 நாள். இந்த 26 தெரியாதவரிடம் 284-ஐச் சொல்லக்கூடாது.

இரண்டு மாதம் உட்கார்ந்து எட்டு நோட்டையும் மறுபடி பார்த்து, ஒவ்வொரு பூஜ்ஜியத்தையும் கோடா, காலியா என்று பிரித்தேன். சாயங்காலம் கடையிலிருந்து வந்து, மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு.

"மாமா, இது கோடா, பேனா வழுக்குனதா?"

"கோடும்மா. வழுக்குனா இப்படியா இருக்கும்?"

"இங்க ஏன் ஒண்ணுமே இல்ல, நாலு நாளா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "உங்க மாமி ஆஸ்பத்திரியில இருந்தா."

அந்த நாலு கட்டங்களிலும் ஒன்றும் போடவில்லை.

இந்த இடத்தில் நாத்தனார் மகன் கதைக்குள் வருகிறான். புதுச்சேரியில் இன்ஜினியரிங் படிக்கிறான். லீவுக்கு வந்தவன், "அத்தை, உங்க கணக்கு சரியான்னு ஐஎம்டி டேட்டாவோட ஒப்பிட்டுப் பார்க்கலாமே" என்றான். ஐஎம்டி என்றால் வானிலை ஆய்வுத் துறை. அதன் புனே அலுவலகம் நாடு முழுமைக்கும் தினசரி மழையைக் கட்டம் கட்டமாகத் தருகிறது, இலவசமாகவே. 1901-லிருந்து இருக்கிறது. கால் பாகைக்கு ஒரு கட்டம், அதாவது சுமார் 27 கிலோமீட்டர் சதுரம். மழைமானிகளின் அளவுகளை வைத்து, மானி இல்லாத இடங்களையும் கணித்து நிரப்பியது. இந்தியப் படத்தின் மேல் 135-க்கு 129 என்று கட்டம் போட்ட துணியை விரித்ததுபோல் நினைத்துக்கொள்ளுங்கள். கடலூர் ஒரு கட்டத்தில் விழுகிறது, புதுச்சேரி அதற்கு வடக்கே அடுத்த கட்டத்தில். எங்கள் கட்டத்தில் ஒரு பகுதி வங்காள விரிகுடா.

பையன் பைதான் என்ற கணினி மொழியில் அந்தக் கோப்பைத் திறந்து, சோதனைக்காக ஒரு நாளின் எல்லாக் கட்டத்துக்கும் சராசரி போட்டான். மைனஸ் எழுநூற்றுச் சொச்சம் வந்தது.

"என்னடா தம்பி, மழை மேல போகுதா?"

அவன் முகம் சிவந்துவிட்டது. விஷயம் இதுதான். கடலிலும் நாட்டு எல்லைக்கு வெளியிலும் விழும் கட்டங்களுக்கு மழை அளவு கிடையாது. அங்கெல்லாம் வெற்றிடம் விட முடியாத கோப்பு என்பதால் -999 என்று ஓர் எண்ணைப் போட்டு வைத்திருக்கிறார்கள். 'இங்கே அளவு இல்லை' என்பதற்கு அடையாளம். பையன் அதையும் மழையாக எண்ணிக் கூட்டிவிட்டான். எனக்கு அந்த -999 மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. யாரோ ஒருவர் உட்கார்ந்து, இங்கே பூஜ்ஜியம் போட்டால் நாளைக்கு எவனாவது நம்பிவிடுவான், நம்பவே முடியாத ஓர் எண்ணைப் போடுவோம் என்று முடிவு செய்திருக்கிறார். தப்பு நடந்தால் மைனஸில் கத்த வேண்டும். அது சாது பூஜ்ஜியம் இல்லை.

சரி, ஒப்பிட்டோம். ஒத்தே போகவில்லை. மாமா 40 மி.மீ. எழுதின நாளில் கட்டத்தில் மூன்றோ நாலோ. கட்டத்தில் அறுபது காட்டும் நாளில் மாமாவிடம் கோடு. பையன், "தாத்தா நோட்டு நம்பற மாதிரி இல்ல அத்தை" என்று மெதுவாகச் சொன்னான். காது கொஞ்சம் மந்தமானாலும் மாமாவுக்கு அது மட்டும் கேட்டுவிட்டது. அன்று இரவு சாப்பிட வரவில்லை.

எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இந்த மாதிரி ஒத்துப்போகாத இரண்டு வரிசைகளை நான் மாதா மாதம் பார்க்கிறேன். நம் புத்தகத்தில் காசோலை கொடுத்த தேதி. பேங்க் பாஸ்புக்கில் அது பணமான தேதி. தொகை ஒன்று, தேதி வேறு. பேங்க் ரீகன்சிலியேஷன் என்று இதற்காகவே ஒரு வேலை இருக்கிறது. எழுந்துபோய் லேப்டாப்பைத் திறந்து, மாமாவின் பத்தியை ஒரே ஒரு வரி கீழே நகர்த்தினேன். அறுபதுக்கு நேரே ஐம்பத்தெட்டு வந்து நின்றது. அடுத்ததும் அப்படியே. அடுத்ததும்.

காரணம் எளிது. வானிலைக் கணக்கில் மழை நாள் என்பது காலை எட்டரைக்குத் தொடங்கி மறுநாள் எட்டரைக்கு முடியும். உலக நேரத்தில் அது 3 மணி. மொத்தத்தை எந்தக் காலையில் அளந்தார்களோ அந்தத் தேதியில் எழுதுவார்கள். மாமா விவசாயி. காலையில் அளந்ததை 'நேற்று பெய்த மழை' என்று நேற்றின் வரியில் எழுதுவார். இரண்டும் சரி. யார் எப்படி எழுதினார்கள் என்று முதல் பக்கத்தில் குறித்து வைக்காததுதான் தப்பு.

இதனால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஃபெஞ்சல் புயலைச் சொல்வேன். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்து, நகராமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டு கொட்டியது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 செ.மீ.க்கு மேல். அதற்கு முன் அங்கே இருந்த அதிகபட்ச அளவு 2004 அக்டோபர் 31-இல் பதிவான 21 செ.மீ. அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். இந்த 48 எந்த மாதக் கணக்கு? பெய்ததில் பெரும்பகுதி நவம்பர் 30. பதிவானது டிசம்பர் 1 காலை. அதனால் துறைக் கணக்கில் டிசம்பர், மாமா கணக்கில் நவம்பர். மார்ச் 31 ராத்திரி வந்த பில்லை எந்த நிதியாண்டில் போடுவது என்ற அதே சண்டை. ஒரு மாதத்தின் முகமே மாறிவிடும்.

அந்த ராத்திரியை எங்கள் வீட்டில் யாரும் மறக்க முடியாது. பாட்டில் நாலு லிட்டர். அது 200 மி.மீ. வரைதான் தாங்கும். அதற்கு மேல் வழிந்தால் கணக்குப் போச்சு. மின்சாரம் இல்லை. ஒரு மணிக்கு மாமா டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. நானும் குடையோடு பின்னால் போனேன். வாசல் தாண்டியதும் குடை மேல்நோக்கி மலர்ந்துவிட்டது, காம்பு மட்டும் கையில். மாமா மழைக்கோட்டைத் தன் மேல் போட்டுக்கொள்ளவில்லை. புனலுக்கு மேல் கூடாரம் மாதிரி பிடித்துக்கொண்டு, "சீக்கிரம் பாட்டில எடும்மா, எடுக்கிற நேரத்துல விழறது கணக்குல சேராது" என்று கத்தினார். பாட்டில் பாதிக்கு மேல் இருந்தது. திண்ணையில் வைத்து, டார்ச்சை என் வாயில் கவ்விக்கொண்டு, குவளை குவளையாக அளந்தோம். எண்ணை எழுத ஈரமில்லாத காகிதம் கிடைக்காமல், கதவுக்குப் பின்னால் சுவரில் பென்சிலால் எழுதினார். அந்த எண் இன்னும் சுவரில் இருக்கிறது. வெள்ளை அடிக்க வந்தவரை அந்த இடத்தில் மட்டும் தொட விடவில்லை.

அப்புறம் நடந்ததும் சொல்ல வேண்டும். இங்கே மழை ஓய்ந்து மாமா கோடு போட ஆரம்பித்த பிறகுதான் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. மேற்கே ஊத்தங்கரைப் பக்கம் பெய்த பேய் மழை, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்ட தண்ணீர், எல்லாம் ஆற்றோடு கடலூருக்கு இறங்கின. நம் மழைமானியில் பூஜ்ஜியம் என்றால் நமக்கு ஆபத்து பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆற்றங்கரைக்காரர்கள் பார்க்க வேண்டிய மழைமானி நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது.

நோட்டு நம்பகமானதுதான் என்று தெரிந்ததும் பையனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. காலி நாட்களை நிரப்பிவிடலாம் என்றான். ஐரோப்பிய வானிலை மையத்தின் ஈஆர்ஏ5 என்று ஒன்று இருக்கிறது. கணினி மாதிரியையும் கிடைத்த அளவீடுகளையும் கலந்து, 1940-லிருந்து மணிக்கு மணி உலக வானிலையைத் திரும்பக் கட்டி எழுப்பியது. அதிலிருந்து எங்கள் இடத்தை எடுத்தான். 0.004 என்றெல்லாம் வந்தது. "அத்தை, கடலூர்ல மழையே பெய்யல போல" என்றான். அது மீட்டரில் இருக்கிறது என்று இன்னொரு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தோம். 0.004 மீட்டர், அதாவது ஒரே மணி நேரத்தில் 4 மி.மீ. நேரமும் உலக நேரம். எல்லாம் சரிசெய்து, என் கல்யாண நாளுக்கு ஓர் எண்ணையும் கொண்டுவந்து நீட்டினான்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த எண் தப்பு என்பதற்காக இல்லை. பெரிய ஆராய்ச்சிகளுக்கு அப்படி நிரப்பித்தான் ஆக வேண்டும், அதற்கு முறைகள் இருக்கின்றன. ஆனால் மாமாவின் பத்தியில் மாமா அளக்காத எண் இருக்கக்கூடாது. அது நான் போட்ட பொய் வவுச்சர் ஆகிவிடும். பக்கத்தில் இன்னொரு பத்தி திறந்து, 'கணித்தது' என்று தலைப்புப் போட்டு அங்கே வை என்றேன். வைத்தான். இரண்டு பத்திகளும் இப்போது அக்கம்பக்கத்தில் குடியிருக்கின்றன, சுவர் மட்டும் நடுவில்.

பலா மரத்துக் கதை இல்லாமல் இந்தப் பதிவு முடியாது. பையன் நோட்டின் வருஷ மொத்தங்களைக் கோடாக வரைந்தான். 2005 வாக்கில் மெல்ல இறங்கி, 2012-லிருந்து மறுபடி ஏறியது. "பருவநிலை மாற்றம்" என்று தலைப்பே யோசித்துவிட்டான். எனக்கு உறுத்தியது. எங்கள் மழையைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே போய், கட்டத்து மழையையும் அப்படியே கூட்டி, ஒன்றுக்கு எதிரே ஒன்றை வைத்து வரையச் சொன்னேன். இரண்டு இடங்களும் ஒரே மாதிரி நனைந்தால் அது நேர்கோடாகப் போக வேண்டும். போகவில்லை. நடுவில் வளைந்தது. எங்கள் மானி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவாக வாங்கியிருக்கிறது. அப்படியானால் மாறியது வானம் இல்லை, எங்கள் கொல்லை.

மாமாவிடம் கேட்டேன். "பலாக்கன்னு நட்டேன்மா, மானிக்குக் கிழக்கால. அது பாட்டுக்கு வளந்துது." மானியைச் சுற்றி ஒரு தடை இருந்தால் அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. கன்று நட்டபோது விதி மீறப்படவில்லை. கன்று வளர்ந்து, கிளை பரப்பி, புனலுக்கு வர வேண்டிய மழையில் பங்கு கேட்க ஆரம்பித்தது. யாரும் அதைக் கணக்கில் எழுதவில்லை.

எல்லாம் 2011 டிசம்பர் 30 வரை. அன்று விடிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கமும் எங்கள் பக்கமும் முந்திரியும் பலாவும் போன விதத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை, பார்த்தவர்களுக்குத் தெரியும். வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. நோட்டில் அந்த நாளின் வரியில் எண் இல்லை. "பலா விழுந்தது, மானி மேல்" என்று மட்டும் இருக்கிறது. அடுத்த ஐம்பத்திரண்டு நாள் காலி. அப்புறம் புதுப் புனல் போட்டு, வெட்டவெளியில், மறுபடி எண்கள். மழை 'அதிகமானது' அதனால்தான். மரம் போனது, வரவு கூடியது. பையன் தன் தலைப்பை அழித்தான். இப்போது தாளின் முதல் பக்கத்தில் மானி எங்கே இருந்தது, என்ன மரம், எப்போது நட்டது, எப்போது விழுந்தது என்று ஒரு சிட்டா இருக்கிறது. எனக்கு எண்களைவிட அந்தப் பக்கம்தான் முக்கியம்.

வண்ணச் சண்டையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷத்துக்கு ஒரு வரி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை நாளுக்கு ஒரு கட்டம், மழைக்கு ஏற்ப வண்ணம். பையன் வானவில் நிறம் போட்டான். அதிக மழைக்குச் சிவப்பு. மாமா பார்த்துவிட்டு, "இந்த வருஷமெல்லாம் நல்ல வெயில் போலிருக்கே" என்றார். பையன், டிவியில் ரெட் அலர்ட் என்றால் மழைதானே தாத்தா என்று வாதாடினான். அதற்கு மாமா, "டிவிக்காரன் பயமுறுத்த சிவப்பு போடறான். நீ யாரடா பயமுறுத்தற?" என்று கேட்டார். பையனிடம் பதில் இல்லை. நீலத்தில் முடிவு செய்தோம். வெள்ளையில் தொடங்கி, 2.5, 15.6, 64.5, 115.6 என்று துறையின் வகைப்பாட்டு எல்லைகளில் ஒவ்வொரு படி அடர்ந்து, கடைசியில் கரு நீலம். வெள்ளை என்றால் அளந்து, மழை இல்லை. காலி நாளுக்குச் சாம்பல். முதலில் காலியையும் வெள்ளையாக விட்டிருந்தான். மறுபடி அதே கதை. காகிதத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டியபோது, 2011-இன் ஓரத்தில் சாம்பல் முனை. எங்கள் கல்யாண வருஷத்தில் பதினோரு சாம்பல் கட்டம், ஐப்பசி நடுவில், பல் விழுந்த இடம் மாதிரி.

இதெல்லாம் எதற்கு உதவும்? கடைக்கு வருகிறவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். மார்கழிப் பட்டத்துக்கு மல்லாட்டையை எப்போது போடலாம்? விதைத்த வாரத்தில் பெருமழை அடித்தால் செம்மண் மேலே ஓடு கட்டிக்கொள்ளும், முளை முட்ட முடியாது. தாமதித்தால் கடைசியில் ஈரம் போதாது. கடந்த வருஷங்களில் மார்கழி முதல் வாரத்தில் விதைத்திருந்தால், பத்து நாளுக்குள் ஒரே நாளில் 50 மி.மீ.க்கு மேல் எத்தனை தடவை பெய்தது என்று எண்ணினால் ஒரு பதில் வரும். அந்த எண்ணை இங்கே போடப்போவதில்லை. ஒரு மேட்டின் கணக்கை நம்பி வீராணம் பாசனத்தில் களிமண்ணில் இருப்பவர் விதைத்துவிடக்கூடாது. ஆனால் எண்ணும்போது நடந்ததைச் சொல்லலாம். மானி வைத்தது முதல் 2024 வரை 29 பருவம். அதனால் 29-இல் இத்தனை என்று முதலில் எழுதினேன். காலிகளைக் கழித்தால் மார்கழி முழுக்க அளந்த வருஷம் 22-தான். கீழே இருக்கும் எண்ணைப் பெரிதாகப் போட்டால் ஆபத்து சின்னதாகத் தெரியும். தானே வருஷமே அதில் பாதுகாப்பான வருஷமாக எண்ணப்பட்டிருந்தது, அளக்காததால்.

மாமா வேறொன்று சொன்னார். 20 மி.மீ. என்று நீ எழுதுகிறாய், அது அரை மணி நேரத்தில் பெய்து சரிவில் ஓடிப்போனதா, ராத்திரி முழுக்கப் பெய்து உள்ளே இறங்கியதா என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. என் 'ஒரு உழவு'க்குத் தெரியும் என்றார். மறுக்க முடியவில்லை. உழவு மழைப் பத்தியை மி.மீ.க்கு மாற்றாமல் எழுத்தாகவே வைத்திருக்கிறேன். முடிந்த நாட்களில் இப்போதும் மண்ணைக் கிளறிப் பார்த்து அதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு அதில் ஒரு வெற்றிச் சிரிப்பு.

எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தானியங்கி மழைமானி இருக்கிறது. உள்ளே ஏற்றம் மாதிரி இரண்டு பக்கமும் சாயும் ஒரு சின்ன வாளி; நிரம்பிச் சாயும் ஒவ்வொரு தடவையும் ஓர் எண்ணிக்கை. அருமையான ஏற்பாடு. ஆனால் புனலில் ஓர் இலை அடைத்தால் போதும், வாளி சாயாது. போன ஐப்பசியில் எங்கள் பாட்டிலில் மூன்று நாளும் மழை இருக்க, அது திரையில் மூன்று நாளும் 0.0 காட்டிக்கொண்டிருந்தது. ஓர் ஆளாக இருந்தால், போய்ப் பார்க்காத நாளில் இடத்தைக் காலியாகவாவது விட்டிருப்பார். இயந்திரத்துக்குத் தான் பார்க்கவில்லை என்பது தெரியாது.

இவ்வளவும் எழுதின நான் போன மாதம் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். மாமா பண்ருட்டியில் ஒரு காதுகுத்துக்குப் போனார், இரண்டு நாள். "எட்டரைக்குப் பாத்து எழுதிடும்மா" என்று மூன்று தடவை சொன்னார். முதல் நாள் கடையில் ஜிஎஸ்டி கடைசித் தேதி. ஏழரைக்கே ஓடிவிட்டேன். மதியம்தான் ஞாபகம் வந்தது. வானம் பளிச்சென்று இருந்தது, ராத்திரி மழைச் சத்தம் கேட்டதாகவும் நினைவில்லை. கோடு போட்டுவிடலாம் என்று கை போனது. மறுநாள் காலை பாட்டிலை எடுத்தால் 74 மி.லி. 3.7 மி.மீ. முதல் ராத்திரியா, இரண்டாவது ராத்திரியா, யாருக்குத் தெரியும்? முதல் நாளைக் காலியாக விட்டு, இரண்டாவது நாளில் 3.7 என்று எழுதி, 'இரண்டு நாளுக்கும் சேர்த்து' என்று பக்கத்தில் குறித்தேன்.

சாயங்காலம் மாமா வந்தார். சட்டையைக்கூட மாற்றாமல் நோட்டை எடுத்துப் பார்த்தார். அந்தக் காலி இடத்தில் விரலை வைத்தார்.

"இது யாரு?"

"நான்தான் மாமா."

கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். பிறகு பேனாவை வாங்கி, காலி இடத்துக்கு நேரே ஓரத்தில் ஜிஎஸ்டி என்று எழுதிவிட்டு, மழைமானியைப் பார்க்கக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.